விரத நாளில் வந்த ஆட்டு மெழுகு

போன வருஷம் ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறிய மறுநாள், சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டில் நடந்தது இது. மருமகளுக்குத் தாய் இல்லை. அதனால் பிள்ளைப்பேறு பார்த்தது நான்தான். தீட்டுக் கழிந்து அவளும் என்னோடு விரதம் இருந்தாள். கொடியேறிவிட்டால் தபசு முடியும்வரை எங்கள் வீட்டுக்குள் கவிச்சி நுழையாது.

அவளுக்கு மார்க்காம்பு வெடித்து ரத்தம் கசிந்தது. பிள்ளை வாய் வைத்ததும் பல்லைக் கடித்துக்கொண்டு அழுவாள். வலிக்குப் பயந்து பால் கொடுப்பதையே குறைத்துவிட்டாள். பிள்ளை பசியில் கத்தியது. ஆஸ்பத்திரி நர்ஸம்மா ஒரு களிம்பு கொடுத்தார்கள். நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள். ட்யூபில் இருந்த இங்கிலீஷை மருமகள்தான் படித்தாள். படித்தவள் அப்படியே மூடி வைத்துவிட்டாள்.

“லானோலினாம் அத்தை. ஆட்டுல எடுக்கது. தபசு முடியட்டும்.”

“அதுவரைக்கும் புள்ள என்னட்டி செய்யும்? அதுக்கும் வெரதமா?”

“பவுடர் பால் வாங்கியாரட்டா?” என்றான் மகன்.

“நீ சும்மா கெடலே.”

நர்ஸம்மாவுக்குப் போன் போடச் சொல்லி நானே கேட்டேன். “ஆட்டை அறுத்தா எடுக்காவ?”

“இல்ல ஆச்சி. கம்பளிக்கு முடி கத்தரிப்பாவள்லா, அதைக் கழுவும்போது பிரியுத மெழுகு. ஆடு பாட்டுக்கு மேயும். பால் குடுக்கும்போது தொடைக்காண்டாம், புள்ள வாயில பட்டாலும் ஒண்ணும் செய்யாது.” பிள்ளை வாயை நன்றாக அகலத் திறந்து மார்பைப் பிடிக்கவைக்கவும் சொன்னார்கள்.

மருமகள் அப்போதும் அசையவில்லை. “இந்த வெரதத்துல நீங்க தடவுவியளா அத்தை?” என்றாள்.

விரதத்தில் என்னை மிஞ்ச எங்கள் தெருவில் ஆள் கிடையாது. அது தெரிந்துதான் கேட்டாள்.

ட்யூபைத் திறந்து பிதுக்கினேன். மஞ்சளாக, பிசின்போல் விரலில் ஒட்டியது. லேசாக ஆட்டு வாடைகூட அடித்தது. அவள் பார்க்க என் உதட்டில் பூசினேன்.

“மாட்டுப் பாலை அம்பாள் தலையில ஊத்துதோம். இது ஆட்டு முடியில வந்தது. குத்தம்னா என்னைய கேக்கட்டும்.”

அவள் சிரித்துவிட்டாள். “வாயி பளபளங்குது அத்தை” என்று சொல்லிக்கொண்டே ட்யூபுக்குக் கையை நீட்டினாள்.

புண் கொஞ்சம் கொஞ்சமாக ஆறியது. தபசன்று ரதவீதிக் கூட்டத்தில் பிள்ளை அழுதபோது, ஒரு ஓரமாக உட்கார்ந்து முந்தானைக்குள் வைத்துப் பால் கொடுத்தாள். முகம் சுளிக்கவில்லை. எத்தனையோ தபசு பார்த்திருக்கிறேன். என் விரதம் முழுசாக நிறைந்தது அந்த வருஷம்தான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.