என் சிவப்பும் பிலோமினா டீச்சரின் மஞ்சளும்

பள்ளி விடுமுறையின் இரண்டாவது வாரத்தில் செய்தி வந்தது. எங்கள் புளோக்கின் கீழே இருக்கும் மளிகைக் கடைக்குத் தலைமையாசிரியர் டெலிபோன் செய்திருக்கிறார். கடைக்காரர் மூன்று மாடி ஏறி வந்து, மூச்சு வாங்கியபடி சொன்னார். பிலோமினா டீச்சர் நேற்று மாலை தவறிவிட்டார், மாரடைப்பு, நாளைக் காலை அடக்கம். பதினேழு ஆண்டுகள் ஒரே ஆசிரியர் அறையில் அவருக்கு எதிர் மேசையில் உட்கார்ந்தவள் நான். ஆனால் எனக்கு அழுகை உடனே வரவில்லை. அந்த மஞ்சள் செடி இனி யாருக்கு என்ற நினைப்புதான் முதலில் வந்தது.

இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. அவரிடம் படித்தவர்கள் அவருடைய பொறுமையைப் பற்றிப் பேசுவீர்கள். காத்தோங் தேவாலயத்து மக்கள் அவருடைய பக்தியைப் பற்றிச் சொல்வீர்கள். எல்லாம் உண்மை. நான் அவர்மேல் பொறாமைப்பட்டவள். அதைத்தான் என்னால் விவரமாக எழுத முடியும்.

ஐம்பதுகளின் நடுவில் அது தொடங்கியது. என் கொழுந்தன் கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தார். அந்தத் தோட்டத்துத் துரையின் மனைவி பங்களாவைச் சுற்றி டே லில்லி வளர்த்துவந்தார். இந்தச் செடியில் ஒவ்வொரு பூவும் ஒரே ஒரு நாள்தான் இருக்கும். காலையில் விரிந்து மாலையில் சுருண்டுவிடும். ஒரு தண்டில் பல மொட்டுகள் வருவதால், நன்றாக வளர்ந்த செடி வாரக்கணக்கில் பூத்துக்கொண்டிருக்கும். அந்த அம்மாள் இங்கிலாந்திலிருந்து வரவழைத்த ரகங்களில் மிஞ்சிய கிழங்குகளை என் கொழுந்தனுக்குக் கொடுக்க, அவர் ஈரச் சாக்கில் சுற்றி எனக்குப் பள்ளி முகவரிக்கு அனுப்பிவைத்தார். மொத்தம் ஐந்து. நான்கில் தகரத் துண்டில் ஆங்கிலப் பெயர் எழுதிக் கட்டியிருந்தது. ஒன்று கருஞ்சிவப்பு, ஒன்று இளஞ்சிவப்பு, மற்ற இரண்டும் ஆரஞ்சு. ஐந்தாவதற்குப் பெயரே இல்லை. பங்களா சமையலறைக்குப் பின்னால் நிற்கும் மஞ்சள் என்றும், சீனச் சமையற்காரர் அதன் மொட்டைப் பறித்து சூப்பில் போடுவார் என்றும் கொழுந்தன் கடிதத்தில் எழுதியிருந்தார்.

ஆசிரியர் அறையில் எல்லார் முன்னாலும் மூட்டையைப் பிரித்தேன். பெருமை தாங்கவில்லை. நான்கு தகரத் துண்டுகளையும் சத்தமாகப் படித்துக் காட்டிவிட்டு, ஐந்தாவதைக் குப்பைக்கூடைப் பக்கம் தள்ளிவைத்தேன்.

“இதை நான் எடுத்துக்கலாமா, டீச்சர்?” என்று கேட்டார் பிலோமினா டீச்சர்.

“எடுத்துக்குங்க லா. சமையல்கட்டுச் செடிதானே” என்றேன்.

அவர் அதைத் தன் கைக்குட்டையில் சுற்றி எடுத்துப்போனார்.

நாங்கள் அப்போது சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு சந்து வீட்டில் இருந்தோம். பின்கட்டில் நான்கு தொட்டிகளை வரிசையாக வைத்தேன். குளிர்நாட்டில் இந்த ரகங்கள் பனிக்காலம் வந்தால் இலையெல்லாம் உதிர்த்துத் தூங்கி, வெயில் வந்ததும் எழும். மலையில் இரவுக் குளிரை வைத்து எப்படியோ சமாளித்துக்கொள்ளும். சிங்கப்பூரில் அவற்றைத் தூங்கச் சொல்ல ஆளில்லை. ஒவ்வொரு புது இலையும் முந்தியதைவிடச் சிறியதாக வந்தது. ஆண்டுக் கடைசி மழையில் ஆரஞ்சு இரண்டும் வேரோடு அழுகின. அதே மழையில் காத்தோங்கில், பிலோமினா டீச்சர் வீட்டு வாசலில், மஞ்சள் பூத்தது. அது ஆண்டு முழுவதும் இலையோடு நிற்கிற வகை, அதற்குக் குளிர் தேவையில்லை என்பதெல்லாம் எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரியும்.

ஒரு பூவை டம்ளர் தண்ணீரில் வைத்து, பஸ்ஸில் ஏந்திக்கொண்டு பள்ளிக்கு வந்தார். இடைவேளையில் எல்லாரும் அந்த மேசையைச் சுற்றி நின்றார்கள்.

“மலையிலயும் இப்படித்தான் இருக்குமா, டீச்சர்?” என்று என்னிடம் கேட்டார்.

“அங்க இதைவிடப் பெருசு” என்றேன். நான் கேமரன் மலைக்குப் போனதே இல்லை.

எல்லாம் காத்தோங் மண்ணின் வேலை என்று எனக்குள் முடிவு செய்தேன். கடற்கரை மணல், தண்ணீர் நிற்காது. எங்கள் பக்கம் ஒரு மழைக்கே முழங்கால் அளவு வெள்ளம். ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை காத்தோங் போய், அவர் பூசைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து, கடற்கரையில் ஒரு சாக்கு மணல் அள்ளி பஸ் நிறுத்தத்தில் நின்றேன். கண்டக்டர் சாக்கை ஏற்ற மாட்டேன் என்றார். அவரோடு நான் வாதாடிக்கொண்டிருந்தபோது பூசை முடிந்து பிலோமினா டீச்சர் எதிரே வந்தார். என்ன, ஏது என்று கேட்கவில்லை. சாக்கின் மறுமுனையைப் பிடித்து, “அண்ணே, நான் கீழ வச்சுப் புடிச்சுக்கிறேன், ஏத்திக்குங்க” என்று கண்டக்டரிடம் சொல்லி, சிராங்கூன் வரை கூடவே வந்து இறக்கிக் கொடுத்துவிட்டுப் போனார். கடல் மணலில் உப்பு உண்டு என்பதை நானும் யோசிக்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அதில் இளஞ்சிவப்பு கருகிப்போனது.

மிஞ்சியது கருஞ்சிவப்பு ஒன்றுதான். மண் இல்லையென்றால் குளிர்தான் என்று அடுத்த முடிவுக்கு வந்தேன். தினமும் காலையில் காப்பி, சர்பத் விற்கும் தண்ணீர்க் கடையில் ஐஸ்கட்டி வாங்கி, உடைத்து, தொட்டியைச் சுற்றி அடுக்கினேன். என் கணவர் காப்பிக் குவளையோடு வந்து நின்று, “செடிக்கு வச்சு மிச்சம் இருந்தா எனக்கும் ஒரு துண்டு போடு” என்றார். சந்தில் இருந்தவர்கள் குழந்தைகளைக் கூட்டிவந்து காட்டினார்கள். பள்ளியிலும் கதை பரவியது. எல்லாரும் சிரித்தபோது பிலோமினா டீச்சர் சிரிக்கவில்லை.

“பூ நம்மகிட்ட பரீட்சை எழுத வரல, டீச்சர்” என்றார். “இந்த ஊர்ல எது நிக்குதோ அதுதான் நல்ல ஜாதி. மத்ததை விட்டுருங்க.”

தன் செடி பூத்தவருக்கு அப்படிச் சொல்வது சுலபம் என்று நினைத்து, அதன்பின் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

ஐஸ் வைத்ததாலோ, வைப்பதை நிறுத்தியதாலோ, நான்காம் ஆண்டில் சிவப்பு ஒரு தண்டு விட்டது. அதில் ஒரே ஒரு மொட்டு. சமூக மண்டபத்தில் மலர்க் கண்காட்சி அறிவித்திருந்தார்கள். ஒரு நாள் பூ, ஒரு நாள் கண்காட்சி. ஒரு நாள் முந்தினாலும் பிந்தினாலும் நான்கு ஆண்டு உழைப்பும் வீண். தினமும் மொட்டை விரலால் தொட்டுப் பார்த்தேன். கண்காட்சி அன்று காலை ஆறரைக்கு அது விரிந்தது. காய்ந்த இரத்த நிறம், தொண்டையில் மஞ்சள். அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு பூவை நான் பார்த்ததில்லை. டாக்சி பிடித்து, தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனேன்.

பிலோமினா டீச்சரும் மஞ்சளைக் கொண்டுவந்திருந்தார். ஐந்து தண்டு, பதினொரு பூ. அவர் என் சிவப்பின் முன் வந்து நின்றார். வெகுநேரம் நின்றார். நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லாமல் திரும்பிப் போய்விட்டார். அது எனக்குச் சுருக்கென்று தைத்தது.

மண்டபத்தில் என் தொட்டி இருந்த பக்கத்தில் சுவர் இல்லை. பத்து மணிக்கெல்லாம் வெயில் என் மேசைமேல் ஏறியது. கருநிறப் பூ சூட்டைக் குடிக்கும். குளிர்நாட்டில் மாலை வரை நிற்கும் இதழ், என் கண்ணெதிரே ஓரம் கருகிச் சுருங்கியது. குடை பிடித்தேன், பயனில்லை. நடுவர் வரும்போது அது வேகவைத்த கீரை மாதிரி தொங்கியது. நடுவர் வயதான சீனர், மரியாதையான மனிதர். என் தொட்டியைப் பார்த்து அனுதாபமாகத் தலையசைத்துவிட்டு மஞ்சளை நோக்கி நடந்தார். அப்போதுதான் அதைச் செய்தேன். அவர் பின்னாலேயே போய், “அது அலங்காரப் பூ அல்ல. உங்கள் கடைகளில் உலர்த்தி விற்கும் கிம்சியாம் மொட்டுதான். சமையல் சாமான்” என்று மெதுவாக மலாயில் சொன்னேன்.

அவர் குனிந்து ஒரு மொட்டைக் கிள்ளி வாயில் போட்டு மென்றார். அவர் முகம் மலர்ந்தது. தேக்கா மார்க்கெட்டில் காயவைத்து முடிச்சுப் போட்டு விற்பதைத்தான் வாழ்நாள் முழுவதும் பார்த்திருக்கிறாராம். பச்சை மொட்டைத் தின்றது சீனாவில் சிறுவயதில் ஒரே ஒரு முறையாம். “பாகுஸ், பாகுஸ்” என்று மலாயில் பாராட்டிக்கொண்டே தொட்டியைத் தானே தூக்கிப்போய், காய்கறி மேசையில் பாகற்காய்க்கும் நீளப் பயற்றங்காய்க்கும் நடுவில் வைத்து, அதற்கே முதல் பரிசு கொடுத்தார். மலர் வரிசையில் முதல் பரிசு யாரோ ஒருவருடைய ஆர்க்கிட்டுக்குப் போனது. எனக்கு ஒன்றும் இல்லை.

பரிசு, மீன் படம் போட்ட எனாமல் தட்டு. பிலோமினா டீச்சர் அதை ஆசிரியர் அறைக்குக் கொண்டுவந்து வைத்தார். அன்று முதல் யார் முறுக்கு கொண்டுவந்தாலும், கேக் கொண்டுவந்தாலும் அதில்தான். சுமார் பத்து ஆண்டுகள் நான் அந்த மீனின் முகத்தில் விழித்தேன். ஒவ்வொரு முறையும் எனக்கு ஒரே கேள்விதான். நடுவரின் காதில் ஓதியது நான்தான் என்று இவருக்குத் தெரியுமா? தெரியாதென்றால் சொல்லிவிடலாமா? பலமுறை வாய் வரை வந்தது. நான் தயங்கும்போதெல்லாம் அவர், “எடுத்துக்குங்க, டீச்சர்” என்று தட்டை என் பக்கம் நகர்த்துவார். நானும் ஒரு முறுக்கை எடுத்துக்கொண்டு சும்மா இருந்துவிடுவேன்.

அடக்கம் முடிந்து காத்தோங் வீட்டுக்குப் போனோம். வாசலில் மஞ்சள் இருபது தண்டு விட்டு நின்றது. அன்றும் அது பூத்திருந்தது எனக்குப் பொறுக்கவில்லை. அவருடைய தங்கை திரேசா, அவருடனேயே வாழ்ந்தவர், எனக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்தார். இனியும் தாமதித்தால் சொல்ல ஆளே இருக்காது என்று, “அன்னைக்கு ஜட்ஜ்கிட்ட சொன்னது நான்தான்மா” என்றேன்.

“அக்காவுக்குத் தெரியுமே” என்றார் திரேசா. “பரிசு கொடுக்கும்போதே அவர் சொல்லிட்டாரு, அந்த டீச்சருக்கு நன்றி சொல்லுங்கன்னு. அக்கா வீட்டுக்கு வந்து சிரிச்சாங்க பாருங்க! என் மேலயும் பொறாமைப்பட ஒருத்தர் இருக்காங்கடின்னு.”

நான் காப்பியைக் குடிக்காமல் கீழே வைத்தேன். திரேசா என்னை எழுப்பி வீட்டின் பின்பக்கம் கூட்டிப்போனார். குளியலறைச் சுவரோரம் ஒன்பது தொட்டிகள், எல்லாம் காலி. ஒவ்வொன்றிலும் ஒரு தகரத் துண்டு செருகியிருந்தது. ஒன்பதிலும் பிலோமினா டீச்சரின் அச்சடித்த மாதிரியான கையெழுத்தில் என் கருஞ்சிவப்பின் பெயர்.

“உங்க கொழுந்தன்தான் வருஷா வருஷம் ஒரு கிழங்கு அனுப்புவாரு. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு அக்கா சத்தியம் வாங்கிட்டாங்க. ஒண்ணுகூடப் பூக்கல. அன்னைக்கு அப்படிச் சிரிச்சவங்கதான், உங்க பூவை நினைச்சு ராத்திரி சாப்பிடவே இல்ல. அவங்களால முடிஞ்சது, என்னால முடியலையேன்னு.”

மற்றதை விட்டுவிடச் சொன்ன மனுஷி, ஒன்பது முறை விடவில்லை. நான் அந்தக் காலித் தொட்டிகளின் முன் உட்கார்ந்து அழுதேன். அழுகைக்கு நடுவே சந்தோஷமாகவும் இருந்தது. அவரை அறிந்தவர்கள் என்னை மன்னிக்க வேண்டும்.

திரேசா மஞ்சளில் ஒரு கிழங்கு பெயர்த்துத் தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். ஒன்பது தகரத் துண்டுகளில் ஒன்றை மட்டும் கேட்டு வாங்கி வந்தேன். இப்போது அது என் மேசையில் இருக்கிறது. நான்கு ஆண்டு பாடுபட்டு, ஐஸ் வைத்து, ஊரே சிரித்து, ஒரே ஒரு காலை பூத்த அந்தச் சிவப்பை வைத்து நான் ஜெயித்துவிட்டேன் என்று அவரிடம் பீற்றிக்கொள்ள வேண்டும். பள்ளி திறந்ததும் எதிர் மேசையில் அவர் இருக்க வேண்டும். மீன் தட்டை என் பக்கம் நகர்த்த வேண்டும்.