பல்லக்குல குந்துன தளபதி

வெள்ளிமலை பஸ்ல இன்னிக்கி என்கூட அஞ்சாங்கிளாஸ் படிச்ச சின்னானைப் பாத்தேன். கூட அவன் பேத்தி, காலேஜ் பொண்ணு.

"தாத்தா, ஒரு தளபதி பெரிய வீரருங்க. ஆனா அடிமை வச்சிக்கறது தப்பில்லன்னாரு. அவருக்கு செலை வைக்கலாமா?"ன்னு என்னைக் கேட்டுச்சு.

"அந்தக் காலம் அப்டிம்மா. வீரத்தை மட்டும் பாரு"ன்னேன்.

சின்னான் சிரிச்சான். "ஸ்கூல் நாடகத்துல நீதான தளபதி. மலைப் பசங்க நாங்க நாலு பேரு பல்லக்கு தூக்குனோமே, ஞாபகம் கீதாடா?"

எனக்கு அட்டைக் கிரீடமும் கைதட்டலும்தான் ஞாபகம் கீது.

"நான் எப்டிடா, நல்ல தளபதியா?"ன்னேன்.

"வீரத்துல கொறையில்லடா. கனம்தான் ஜாஸ்தி."

எறங்கும்போது அவன் கேப்பை மூட்டையை நான் தூக்கிக்கினேன். பேத்தி போட்டோ எடுத்துச்சு. செலைக்கு இது போதுமான்னு நீங்களே சொல்லுங்க.