ஹட்டனுக்கு ஒரு வழித் தாள்

திங்கட்கிழமை காலை ஏழு நாற்பதுக்கு மந்தைவெளியிலிருந்து கிளம்பினேன். சென்னையிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஒன்றேகால் மணி நேரம். அங்கிருந்து ஹட்டனுக்குப் பஸ்ஸில் ஐந்து மணி நேரம். ஆனால் நான் எழுதப்போகும் பயணத்தில் பெரும்பகுதி மந்தைவெளிக்கும் தியாகராய நகருக்கும் நடுவில்தான். தூரம் ஐந்து ஆறு கிலோமீட்டர் இருக்கும். அதைக் கடக்க எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் இலங்கை மலைநாட்டுக்காரி. ஹட்டனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில் பிறந்து, எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, கல்யாணமாகி இங்கே வந்து பதினெட்டு வருடம். கணவர் அடையாற்றில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். மகள் பன்னிரண்டாவது படிக்கிறாள். எனக்கு இன்னும் இலங்கை பாஸ்போர்ட்தான். அதையும் விசாவையும் வைத்துத்தான் இங்கே குடியிருக்கிறேன்.

போன மழையில் தெருவில் முழங்கால் தண்ணீர் ஏறியபோது, பீரோவின் அடித்தட்டில் இருந்த பாஸ்போர்ட் ஊறிப்போயிற்று. மகள் இஸ்திரிப் பெட்டியால் காய வைத்தாள். போட்டோ இருந்த பக்கம் அப்பளம் மாதிரி சுருண்டுவிட்டது. மாற்ற வேண்டும், மாற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். ஆபீஸ் என்றாலே நாளைக்கு என்று தள்ளிப் போடுகிறவள் நான். அப்படியே நாள் ஓடிவிட்டது.

நான் கிளம்பிய திங்கட்கிழமைக்கு முந்தின வியாழக்கிழமை ராணி அக்கா ஊரிலிருந்து போன் செய்தாள். அம்மா விழுந்துவிட்டாள், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், வலது கை கால் வரவில்லை, பேச்சும் இல்லை. "சுருக்கா வா புள்ள. கண்ணு வாசலையே பாத்துக்கிட்டு இருக்கு" என்றாள். நாலு வருடமாக நான் அம்மாவை நேரில் பார்க்கவில்லை.

ஆட்டோ ஆப்பில் நூற்று நாற்பது காட்டியது. நான் ஏறும்போதே ஓட்டுநர், மெட்ரோவுக்குத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், அபிராமபுரம் வழியாகச் சுற்ற வேண்டும், இருநூறு ஆகும் என்றார். சரி என்றேன். பேரம் பேசுகிற நிலையில் நான் இல்லை. மடியில் துணிப்பை, அதற்குள் பிளாஸ்டிக் பை, அதற்குள் இன்னொரு பிளாஸ்டிக் உறை. மழை தந்த புத்தி. ஆழ்வார்பேட்டை வருவதற்குள் நான்கு தடவை திறந்து பார்த்துவிட்டேன்.

ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார். "இன்னாம்மா, பைய தொறந்து தொறந்து பாக்கற? உள்ள கொயந்த எதுனா தூங்கினு கீதா?"

பாஸ்போர்ட் விஷயம் என்றேன். அதற்குப் பிறகு அவர் கிண்டல் செய்யவில்லை. அவர் மச்சான் துபாய் போகும்போது இதே மாதிரிதான் அலைந்தானாம். போய்ச் சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது, இன்னும் ஊர்ப்பக்கம் வரவில்லையாம். அதை எதற்குச் சொன்னாரோ, தேனாம்பேட்டை சிக்னல் வரை அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் நாட்டுத் தூதரக அலுவலகம் எங்கே இருக்கிறது என்று இங்கே எழுதவில்லை. தேவைப்படுகிறவர்களுக்குத் தெரியும். எட்டரைக்கே போய் வரிசையில் நின்றேன். டோக்கன் பதினான்கு.

பாஸ்போர்ட் பழுதானால் நேர்முக விசாரணை உண்டு. நீதான் அந்த ஆள் என்று நீயே சொல்லி நம்பவைக்க வேண்டும். அதற்காக மகளின் பழைய நோட்டில் கேள்வியும் பதிலுமாக எழுதி வைத்திருந்தேன். பழைய கையெழுத்து மாதிரியே வரவேண்டும் என்று ஒரு பக்கம் முழுக்கப் போட்டுப் பார்த்தேன். போட்டோவில் காது தெரிகிறதா, மூக்குத்தியால் ஏதும் வருமா என்று மயிலாப்பூர் ஸ்டூடியோக்காரரை இரண்டு முறை எடுக்க வைத்தேன். முதல் பாஸ்போர்ட்டுக்கும் பிறகு அதைப் புதுப்பித்தபோதும் ஹட்டனில் ஒரு ஏஜென்ட்தான் எல்லாவற்றையும் எழுதினார், நான் கையெழுத்து மட்டும் போட்டேன். இந்த முறை படிவத்தை நானே நிரப்பினேன். இரண்டு தாள் வீணாகி மூன்றாவதில் அடித்தல் திருத்தல் இல்லாமல் வந்தது. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பக்கத்து நாற்காலியில் ஒரு பெரியவர். யாழ்ப்பாணத்துக்காரர், பெசன்ட் நகரில் மகனோடு இருக்கிறார். மூன்றாவது விசாரணைக்கு வந்திருந்தார். நான் நோட்டைப் புரட்டிப் புரட்டிப் படிப்பதைப் பார்த்துவிட்டு, "பயப்படாதேங்கோ பிள்ளை. என்ர பேரை மூண்டு தரம் கேட்டிட்டினம். நாலாம் தரம் கேட்டா மாத்திச் சொல்லுவன்" என்றார். சிரிப்பு வந்துவிட்டது. பிறகு குரலைத் தாழ்த்தி, "கேக்கிறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கோ. கூட ஒண்டும் கதைக்காதேங்கோ" என்றார்.

உள்ளே கூப்பிட்டபோது பதினொன்று ஐந்து. மேசைக்கு அந்தப் பக்கம் என் வயதுள்ள பெண் அதிகாரி. சிங்களவர். தமிழை நிறுத்தி நிறுத்தி, தப்பில்லாமல் பேசினார். எந்தத் தோட்டம், லயத்தில் எத்தனையாவது வீடு, பள்ளிக்கூடத்துக்கு எந்த வழியாக நடப்பீர்கள், மழைக்காலத்தில் எந்த வழி என்று கேட்டார். நோட்டில் எழுதாததாகவே கேட்டார். ஆனால் அதெல்லாம் கால் அறிந்த சங்கதி. ஏழாவது வீடு, தண்ணீர் பிடிக்கிற பீலிக்குப் பக்கத்தில் என்றேன். மழை பெய்தால் பாலம் முழுகும், ஃபாக்டரிக்குப் பின்னால் சுற்றிப் போவோம் என்றேன். அவர் தலையாட்டி எழுதிக்கொண்டே போனார். எனக்குத் தைரியம் வந்துவிட்டது. தைரியம் வந்தால் எனக்கு வாய் நிற்காது.

"அம்மா பெயர்?"

"பச்சையம்மாள் மேடம். ஆஸ்பத்திரியில இருக்காங்க. அவங்களப் பாக்கத்தான் போறேன்."

அவர் பேனாவை வைத்துவிட்டு என் பிறப்புச் சான்றிதழை என் பக்கம் திருப்பினார். தாயின் பெயர் என்ற இடத்தில் லெட்சுமி என்று இருந்தது.

"இது யார்?"

"அது என் சித்தி."

சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது.

எங்கள் லயத்தில் இது ஒன்றும் அதிசயமில்லை. அக்காள் தங்கச்சி இருவரில் பச்சையம்மாள் மூத்தவள், பிள்ளை இல்லை. லெட்சுமி இளையவள், வரிசையாக நாலு பெண். ஐந்தாவது நான். முப்பதாம் நாள் பேர் வைத்த கையோடு என்னை மூன்றாவது வீட்டிலிருந்து ஏழாவது வீட்டுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். தாள் எதுவும் எழுதவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. பெற்றவளைச் சித்தி என்றும் வளர்த்தவளை அம்மா என்றும் கூப்பிட்டு வளர்ந்தேன். ராணி அக்கா அந்த மூன்றாவது வீட்டின் மூத்த பெண். சித்தி இறந்தபோது எனக்கு இருபது வயது. எல்லோரும் அழுதார்கள். நானும் அழுதேன், ஒரு சித்திக்கு அழுகிற அளவுக்கு.

காதுக்கும் மூக்குத்திக்கும் பயந்தவள், இந்த ஒரு கட்டத்தில் பேனாவை நிறுத்தக்கூட இல்லை. அம்மா பெயர் எழுது என்றால் யோசிக்க என்ன இருக்கிறது?

அதிகாரி முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். "நீங்கள் பொய் சொல்லவில்லை, எனக்கு விளங்குது. ஆனா படிவத்தில உள்ளவரும் சான்றிதழ்ல உள்ளவரும் ஒரே ஆள் என்று நான் எப்படி கையெழுத்து வைக்கிறது?" என்றார்.

பிறகு வழியும் அவரே சொன்னார். படிவத்தைப் புதிதாக எழுத வேண்டும். தாய் லெட்சுமி, காலமாகிவிட்டார் என்று போட வேண்டும். முதலில் எழுதியது தவறு என்று ஒரு சத்தியக் கடதாசி வேண்டும். அதற்கு மேல் இரண்டு வழி. புதுப் பாஸ்போர்ட் கொழும்பில் சரிபார்த்து வர ஆறு வாரமாவது ஆகும். அவசரம் என்றால் ஒரு வழிப் பயணத் தாள் வெள்ளிக்கிழமைக்குள் கிடைக்கும். அதை வைத்துக்கொண்டு போகலாம், திரும்பி வர முடியாது. அங்கே புதுப் பாஸ்போர்ட் எடுத்து, புது விசா வாங்கித்தான் வர வேண்டும். எத்தனை மாதம் என்று கேட்டேன். அது தன் கையில் இல்லை என்றார்.

வெளியே பெரியவர் என் முகத்தைப் பார்த்தார். சுருக்கமாகச் சொன்னேன். "கூடக் கதைச்சிட்டியள்" என்றார்.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு தி.நகரில், பனகல் பார்க் பக்கத்துச் சந்தில் ஒரு மாடி. சத்தியக் கடதாசிக்கு இங்கே அஃபிடவிட் என்று பெயர். முத்திரைத்தாளும் நோட்டரி கையெழுத்தும் சேர்த்து நானூற்றைம்பது ரூபாய். தட்டச்சு செய்த பெண் ஆங்கிலத்தில் அடித்துவிட்டு, எனக்காகத் தமிழில் படித்துக் காட்டினாள். மேற்படி பச்சையம்மாள் எனக்குத் தாய் அல்ல. அவர் என் தாயின் மூத்த சகோதரி மட்டுமே.

"அந்த 'மட்டுமே'வ எடுத்துடலாமா?" என்று கேட்டேன்.

"எடுத்தா ஸ்ட்ராங்கா இருக்காதுக்கா. ரிஜெக்ட் ஆச்சுன்னா நீங்கதானே மறுபடியும் அலையணும்?"

அலைய எனக்கு நாள் இல்லை. கையெழுத்துப் போட்டேன். ஒரு பக்கம் முழுக்கப் போட்டுப் பழகிய அதே கையெழுத்து, கோணாமல் வந்தது.

அன்று சாயந்திரம் ஐந்தரைக்குக் கணவர் பிள்ளைகளை இறக்கிவிட்டு வேனைப் பெசன்ட் நகர் கடற்கரை ஓரமாக நிறுத்தினார். மகள் காதில் விழாமல் பேச எங்களுக்கு வேறு இடம் இல்லை. கடற்கரையில் நல்ல கூட்டம். நாங்கள் இறங்கவில்லை, குழந்தைகளின் குட்டி சீட்டில் முழங்காலை மடித்து உட்கார்ந்திருந்தோம். மார்ச்சில் அவளுக்குப் பரீட்சை, அதற்குள் வர முடியாமல் போனால் என்ன செய்வது, விசா கிடைக்காமலே போனால் என்ன செய்வது என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன். அவர் ஜன்னல் கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"சாந்தி, நீ போவலன்னா பின்னாடி என்னை சும்மா வுடுவியா? ஆயுசுக்கும் சொல்லிக்காட்ட மாட்ட?" துணியை மடித்துக்கொண்டே, "போ. சோறு பொங்க எனக்குத் தெரியும். குயம்பு மட்டும் போன்ல சொல்லு" என்றார்.

புதன்கிழமை காலை எல்லாவற்றையும் கொடுத்தேன். தாய் என்ற கட்டத்தில் லெட்சுமி என்று எழுதும்போது, யாரோ ஒருத்தியின் படிவத்தை நிரப்புவது போலத்தான் இருந்தது. வியாழக்கிழமை ராணி அக்கா வீடியோவில் வந்து போனை அம்மா முகத்துக்கு நேரே பிடித்தாள். அம்மாவின் இடது கை போர்வையைத் தடவிக்கொண்டிருந்தது. வந்துகொண்டே இருக்கிறேன் அம்மா என்றேன். அஃபிடவிட்டின் நகல் அப்போது என் பக்கத்தில் மேசைமேல் கிடந்தது. அதைக் கவிழ்த்து வைத்தேன்.

வெள்ளிக்கிழமை மூன்று இருபதுக்குத் தாள் கையில் வந்தது. என் போட்டோ, முத்திரை, ஒரு வழி என்ற குறிப்பு. கொழும்புக்குச் சனிக்கிழமை காலை பத்து ஐந்து விமானத்தில் டிக்கெட் போட்டாயிற்று, ஒன்பதாயிரத்து எழுநூறு. ஆட்டோ தேனாம்பேட்டை தாண்டும்போது போன் அடித்தது. மணி நாலு பத்து.

ராணி அக்கா அழவில்லை. அழுது முடித்துவிட்டுக் கூப்பிட்டிருக்கிறாள். அம்மா மூன்று மணிக்குப் போய்விட்டாள். கடைசி வரை முகம் வாசல் பக்கம்தான் திரும்பியிருந்ததாம்.

"நான் தூக்க விடல புள்ள. மக சென்னையிலருந்து வர்றா, அவ வந்து கையெழுத்துப் போட்டுத்தான் எடுப்போம்னு ஆஸ்பத்திரியில சொல்லிப்புட்டேன். மகதான்னு அத்தாட்சி ஏதாச்சும் இருந்தா கையோட கொண்டாரச் சொல்றாங்க."

கொண்டு வருகிறேன் என்றேன். என் பையில் இருந்த அத்தாட்சி அந்த அஃபிடவிட் நகல் ஒன்றுதான், அதில் எழுதியிருந்ததும் எனக்குத் தெரியும். நான் சொல்லாமலே ஓட்டுநர் ஓரம் கட்டினார். இறங்கிப்போய் ஒரு டீ குடித்துவிட்டு, நான் முகத்தைத் துடைத்த பிறகு வண்டியை எடுத்தார்.

சனிக்கிழமை காலை ஆறே முக்காலுக்கு மீனம்பாக்கம். மகள் பள்ளிக்கூடச் சீருடையோடு வந்திருந்தாள், ஸ்பெஷல் கிளாஸ் இருந்ததாம். கட்டிப்பிடித்தால் அழுதுவிடுவோம் என்று அவளும் தள்ளி நின்றாள், நானும் தள்ளி நின்றேன். கணவர் பையை வாங்கி உறையைத் திறந்து, எல்லாம் இருக்கிறதா என்று இந்த முறை அவரே பார்த்தார்.

பதினெட்டு வருடத்துக்கு முன்னால் ஹட்டனிலிருந்து கிளம்பிய அன்று, அம்மா தோட்டத்து வளைவு வரை கூட வந்து, பஸ் மறையும் வரை நின்றாள். அன்று என் கையில் இருந்த பாஸ்போர்ட்டின் படிவத்தில் ஏஜென்ட் யார் பெயரை அம்மா என்று எழுதினார் என்று நான் பார்க்கவும் இல்லை, அவள் கேட்கவும் இல்லை.

குடியேற்றப் பிரிவில் ஒரு தமிழ் அதிகாரி. தாளை முன்னும் பின்னும் புரட்டினார். ஒரு வழி என்பதைப் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"எதுக்கும்மா இவ்ளோ அவசரமா போறீங்க?"

"எங்கம்மா இறந்துட்டாங்க சார்."

முத்திரையைக் குத்தி, தாளை என் பக்கம் தள்ளினார்.