ரைட்டர்கிட்ட சொல்லியாச்சு!

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு கூட்டத்துக்குப் போய் வசமாக மாட்டிக்கொண்டேன்.

எனக்குக் கூட்டம் என்றாலே அலர்ஜி என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் ராஜமாணிக்கம் சார் விடவில்லை. ஏற்காடு பஜாரில் லாட்ஜ் வைத்திருப்பவர். லாட்ஜ்காரர்களும் கடைக்காரர்களும் சேர்ந்து, சேலத்திலிருந்து ஏறி வரும் டூரிஸ்ட்டுகள் கண்ணில் படுகிற மாதிரி ஒரு பெரிய போர்டு வைக்கப் போகிறார்களாம். "வாசகத்தை மட்டும் நீங்க கொஞ்சம் பாத்துக் குடுத்துருங்கம்மா. எழுதறவங்கன்னு இங்க நீங்க ஒருத்தர்தானுங்களே இருக்கீங்க" என்றார். இப்படிச் சொன்னால் யார்தான் போகமாட்டார்கள்? புடவையை மாற்றிக்கொண்டு போனேன்.

சுவரில் புரொஜெக்டர் படம். முதலில் ஏரி. அடுத்து ஆரஞ்சுப் பழம். மூன்றாவதாகக் கொட்டை எழுத்தில் ஒரே ஒரு வரி - 'வன்முறைக் குற்றங்கள்: இல்லை'.

கைதட்டினார்கள். ஒருவர் விசில்கூட அடித்தார்.

"சும்மா போடலீங்க, விசாரிச்சுட்டுத்தான் போட்டிருக்கேன். இந்த சீசன்ல நம்ம பக்கம் ஒரு அடிதடி கேஸ்கூட இல்லீங்க" என்றார் ராஜமாணிக்கம் சார், என்னைப் பார்த்து. "'வன்முறை இல்லாத மலை'ன்னு வைக்கலாமுங்களா, இல்ல 'அமைதி தவழும் மலை'ன்னு வைக்கலாமுங்களா? நீங்கதான் சொல்லோணும்."

எனக்கு வசந்தியின் கை ஞாபகம் வந்தது. கையிலிருந்த பிஸ்கட்டைத் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

வசந்தி யார் என்று சொல்லிவிடுகிறேன். கொட்டச்சேடு பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் வேலை செய்கிறாள். வார விடுமுறையில் என் வீட்டுக்கு வந்து ஒத்தாசை செய்வாள். (அவளிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். நிஜப் பெயர் வேறு. வசந்தி என்ற பெயரை அவளே தேர்ந்தெடுத்தாள்.) சில வாரங்களுக்கு முன்னால் வலது கையில் மாவுக்கட்டோடு வந்து நின்றாள்.

"என்னடி இது?"

"வழுக்கி உழுந்துட்டேனுங்கக்கா."

நம்பினேன். மலையில் வழுக்காதவர் யார்? மழை பெய்தால் நானே மாதம் ஒருமுறை விழுகிறேன். ஆனால் விழுந்தவளுக்கு முழங்கையில் சிராய்ப்பு இல்லை. தோளில் மட்டும் கன்றிப் போயிருந்தது, கட்டை அளவுக்கு. மறுபடி கேட்டேன். கீழே பார்த்தபடியே சொன்னாள்.

"கட்டையில அடி பட்டுருச்சுங்க."

"அடி தானா வந்து பட்டுச்சா?"

தோளை முந்தானையால் மூடிக்கொண்டாள். அவள் கணவன் சேகர் - ஜீப் ஓட்டுகிறவன் - அவனையும் எனக்குத் தெரியும். டூரிஸ்ட்டுகளிடம் பல்லெல்லாம் தெரியச் சிரிப்பான். என்னைப் பார்த்தால் ஜீப்பை நிறுத்திக் கும்பிடு போடுவான். நான் வாயைத் திறப்பதற்குள் வசந்தியே முந்திக்கொண்டாள். "ரைட்டர்கிட்ட சொல்லிட்டேனுங்கக்கா. ஊட்டுக்காரரு இப்ப சேலத்துல தங்கச்சி ஊட்டுல இருக்காரு. இனிப் பயமில்லீங்க."

எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? போலீஸ் ஸ்டேஷனில் புகாரை எழுதுகிறவருக்கு ரைட்டர் என்றுதானே பெயர்? பரவாயில்லையே, பெண் தைரியமாக ஸ்டேஷன் வரைக்கும் போய்விட்டாளே என்று மனசுக்குள் பாராட்டு விழாவே நடத்திவிட்டேன்.

ஆகவே கூட்டத்தில் எழுந்தேன். "சார், எங்க வீட்டுக்கு வர்ற வசந்திக்குக் கை உடைஞ்சதே... அது எதுல சேர்த்தி?"

ராஜமாணிக்கம் சாருக்குச் சங்கடமாகிவிட்டது. "அது குடும்பத் தகராறுங்கம்மா. வன்முறைக் குற்றம்னா... கொலை, கொள்ளை, கத்திக்குத்து... அந்த மாதிரிங்க."

"கட்டையால அடிச்சா?"

"வெளியாளு அடிச்சா கண்டிப்பா குற்றந்தானுங்க. ஊட்டுக்காரரு அடிச்சா..." என்று இழுத்தார். முடிக்கவில்லை. சொன்னது அவர் காதுக்கே சரியாகப் படவில்லை போல.

நான் விடுவேனா? "உங்க லாட்ஜ் மேனேஜரை ஒரு டூரிஸ்ட் கட்டையால அடிச்சுக் கையை உடைச்சா என்ன சார் பண்ணுவீங்க?"

"அதெப்படிங்க விட முடியும்? கடையடைப்பே பண்ணிருவோமே!"

பார்த்தீர்களா? அதே கட்டை. உடைவதும் அதே எலும்பு. அடித்தவன் சாப்பிடுவது எந்த வீட்டில் என்பதை வைத்துத்தான் அது குற்றமா, தகராறா என்று முடிவு செய்கிறோம்! எந்தச் சட்டப் புத்தகத்தில் இப்படி எழுதியிருக்கிறது?

ஆனால் அவர் கடைசியாகச் சொன்னதுதான் என்னைத் தூக்கிவாரிப்போட்டது. "அப்படியே வச்சுக்கிட்டாலும், கேஸ் எதுவும் இல்லீங்களேம்மா. ஸ்டேஷன்ல கேட்டுட்டுத்தான் வந்தேன். அடிதடி கேஸே இல்லைன்னா அந்தப் புள்ள பேருலயும் ஒண்ணுமே இல்லைன்னுதானுங்களே அர்த்தம்."

ஒன்றுமே இல்லையா? புகாரை வாங்கி அமுக்கிவிட்டார்களா? எனக்கு வந்த கோபத்தில் போர்டாவது வாசகமாவது என்று கிளம்பிவிட்டேன். வழியெல்லாம் அந்த ரைட்டரைத் திட்டிக்கொண்டே வந்தேன், முகம்கூடத் தெரியாத மனிதரை.

மறுநாள் காலை நேராக வசந்தி வீட்டுக்குப் போனேன். இடது கையால் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"வசந்தி, ஸ்டேஷன்ல யார்கிட்ட சொன்னே? ஆளைக் காட்டு."

"ஸ்டேஷனுங்களா? நான் எங்கீங்கக்கா ஸ்டேஷனுக்குப் போனேன்?"

"ரைட்டர்கிட்ட சொல்லிட்டேன்னியே!"

"ஆமாங்க, சொன்னனுங்க. நம்ம எஸ்டேட்டு ரைட்டருகிட்ட."

அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டேன். சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை.

கீழே சமவெளியில் இருக்கும் வாசகர்களுக்கு: இந்த மலையில் ரைட்டர் என்றால் முதலில் எஸ்டேட் ரைட்டர்தான். ஆஜர் போடுவது, காபிப் பழம் எடை பார்ப்பது, சம்பளம் கொடுப்பது எல்லாம் அவர். வீட்டுக் கூரை ஒழுகினாலும் அவரிடம்தான் சொல்வார்கள், பக்கத்து வீட்டு ஆடு கத்தரிச் செடியை மேய்ந்தாலும் அவரிடம்தான். அவரிடம் சொல்லியாச்சு என்றால் விஷயம் முடிந்தது. எனக்கு ரைட்டர் என்றால் போலீஸ், அவளுக்கு ரைட்டர் என்றால் எஸ்டேட். இத்தனை வாரமும் நாங்கள் இரண்டு பேரும் ஒரே வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கிறோம்!

"எங்க ஊட்டுக்காரரு போன் பண்ணாருங்க" என்றாள் வசந்தி, அரிசியிலிருந்து கண்ணை எடுக்காமல். "புதன்கிழமை ஊட்டுக்கு வர்றாராமா. 'கேசு கீசு எதுவும் இல்லைன்னு எனக்குத் தெரியும்டி, வந்து வச்சுக்கறேன்'னு சொன்னாருங்க. எனக்கு ஒண்ணும் புரியலீங்கக்கா. ரைட்டருகிட்டத்தான் சொல்லியாச்சே?"

அன்று திங்கட்கிழமை. முந்தின நாள் கூட்டத்தில் நான் கிளப்பிய பேச்சு அதற்குள் சேலம் வரைக்கும் போய்விட்டது.

எஸ்டேட் ரைட்டரைப் பிடித்தேன். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். எழுந்து நின்று, நாற்காலி போட்டு, டீ சொல்லிவிட்டுத்தான் பேசினார். அதுதான் இன்னும் எரிச்சல்.

"ஏனுங்கம்மா, இதுக்காகவா இவ்வளவு தூரம் வந்தீங்க? அன்னிக்கே ரெண்டு பேரையும் கூப்புட்டுப் பேசி முடிச்சு உட்டுட்டனுங்க. கொஞ்ச நாளு தங்கச்சி ஊட்டுல போயி இருடான்னு அவனை அனுப்பிச்சதே நாந்தானுங்க. சேகரு நொம்ப நல்ல பையனுங்க. குடிச்சாத்தான் கொஞ்சம் முன்னப் பின்ன... சின்னக் கைகலப்புதானுங்களே."

கைகலப்பு!

இந்த வார்த்தையைக் கண்டுபிடித்தவர் யாரோ, அவர் மட்டும் என் கையில் கிடைத்தால்... வேண்டாம், அதுவும் வன்முறையாகிவிடும். கை கலக்க வேண்டுமென்றால் இரண்டு பேர் கையும் சேர வேண்டாமா? இங்கே ஒரு கையில் கட்டை இருந்தது. இன்னொரு கை முகத்தை மறைத்துக்கொண்டிருந்தது. இதில் எது எதோடு கலந்தது? அவரிடமும் கேட்டேன். "நீங்க எழுதறவங்க, வார்த்தையைப் புடிச்சுக்கறீங்க" என்று சிரித்தார்.

ஆமாம், பிடித்துக்கொள்கிறேன். வார்த்தையில்தானே எல்லாம் ஒளிந்துகொள்கிறது? ஆஸ்பத்திரியில் அது வழுக்கல். எஸ்டேட்டில் கைகலப்பு. லாட்ஜ்காரர்கள் கூட்டத்தில் குடும்பத் தகராறு. போலீஸ் கணக்கில்... ஒன்றுமே இல்லை. இத்தனை இடத்தைத் தாண்டி ஒரு அடி எண்ணிக்கைக்குள் போய்ச் சேர வேண்டுமென்றால் அது எவ்வளவு பலமாக விழ வேண்டும், சொல்லுங்கள்! கொலையை மட்டும் ஏன் எல்லா ஊரிலும் கிட்டத்தட்டச் சரியாக எண்ணிவிடுகிறார்கள்? பிணம் எழுந்து வந்து "வழுக்கி உழுந்துட்டேனுங்க" என்று சொல்லாது, அதனால்தான்.

நாம் எண்ணுவது நடந்த குற்றத்தை அல்ல, சொன்ன குற்றத்தை. அதிலும் சொல்லி, எழுதி வாங்கப்பட்ட குற்றத்தை. அப்படியென்றால் எந்த ஊரில் எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்களோ, அந்த ஊர்தான் கணக்கில் ரொம்ப அமைதியான ஊர். நாளைக்கு நாலு பெண்கள் துணிந்து ஸ்டேஷன் படி ஏறினால் என்ன ஆகும்? 'மலையில் வன்முறை அதிகரிப்பு' என்று பேப்பரில் வரும். டூரிஸ்ட் வரத்து குறைந்துவிடும் என்று ராஜமாணிக்கம் சார் தலையில் கை வைப்பார். அடி அதேதான் இருக்கும். சொன்னது மட்டும்தான் அதிகமாகியிருக்கும். இதை அந்தக் கூட்டத்தில் சொன்னால் யாருக்காவது புரிந்திருக்குமா? சந்தேகம்தான். அவர்களுக்குப் போர்டு முக்கியம்.

செவ்வாய்க்கிழமை காலை வசந்தியைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். சும்மா வந்துவிட்டாள் என்று நினைக்காதீர்கள். "கேசுன்னா ஊரே பேசுமுங்க", "அவரு ஜீப்பு என்னாவறது", "எம் மாமியா என்ன சொல்லும்" என்று பஸ் வரும்வரை ஆயிரம் காரணம். நான் வாதாடிப் பார்த்து ஓய்ந்துபோய், "சரி, புதன்கிழமை அவன் வந்து கதவைத் தட்டினா என்ன பண்ணுவே?" என்று மட்டும் கேட்டேன். வசந்தி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாள்.

நான் சண்டைக்குத் தயாராகத்தான் போயிருந்தேன். 'பேசித் தீர்த்துக்கங்கம்மா' என்று சொல்வார்கள், அதற்கு என்ன சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை. எல்லாம் வீணாய்ப் போயிற்று. அந்த ரைட்டர் - இந்தத் தடவை நிஜமாகவே போலீஸ் ரைட்டர் - மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பேனாவை எடுத்தார். வசந்தியின் வலது கை கட்டில் இருந்ததால், அவள் சொல்லச் சொல்ல அவரே எழுதுவதாக ஏற்பாடு.

"சொல்லு கண்ணு. பயப்படாத. என்ன நடந்துச்சு?"

"கட்டையில அடி பட்டுருச்சுங்க."

பேனாவைக் கீழே வைத்தார். "ஏஞ்சாமி, அடி பட்டுருச்சுன்னா நான் அந்தக் கட்டை மேலதான் கேசு போடோணும். கட்டை யாரு கையில இருந்துச்சு?"

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அவர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். எனக்கு இது ரொம்பக் கஷ்டமான வேலை என்று உங்களுக்கே தெரியும். இருந்தும் அடக்கிக்கொண்டேன். ஒரு பெண் போலீஸ் வந்து தண்ணீர் வைத்துவிட்டுப் போனார். வசந்தி குடிக்கவில்லை.

"அவரு கையிலதானுங்க" என்றாள் கடைசியில்.

"அவருன்னா?"

"எங்க ஊட்டுக்காரருங்க. அவருதான்... அடிச்சாருங்க."

பிறகு நிற்கவில்லை. கையை உடைத்தது மட்டும் இல்லை. அதற்கு முன்னால் நடந்ததெல்லாம் வந்தது. நான் அறிந்தே இராத மூன்று சங்கதிகள் வந்தன. ஒரு தடவை என் வீட்டுக்கு முக்காடு போட்டுக்கொண்டு வந்து "பனிங்கக்கா, காது அடைக்குது" என்றாளே... அதுவும் வந்தது. ரைட்டர் ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் எழுதிக்கொண்டே போனார்.

எழுதி முடித்ததும் படித்துக் காட்டினார். "...என் கணவர் சேகர் என்பவர், கட்டையால் என் வலது கையில் பலமாக அடித்தார்..."

"சார், ஒரு நிமிசமுங்க."

"என்ன கண்ணு, ஏதாவது தப்பா எழுதிட்டனா?"

"அடித்தார்னா போட்டிருக்கீங்க?"

"ஆமா."

"அடித்தான்னு போடுங்க."

ரைட்டர் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். "கேசுக்கு ரெண்டும் ஒண்ணுதான் சாமி."

"எனக்கு ஒண்ணு இல்லீங்க சார்."

அவர் பேனாவை எடுத்து அந்த 'ர்'-ஐ அடித்தார். மேலே ஒரு 'ன்' எழுதினார்.

இந்த விவகாரம் முழுவதிலும் விழுந்த ஒரே நியாயமான அடி அதுதான்.