ரோஸ்லின் பெயரில் ஓர் அட்டை

ஸ்டெல்லாவைப் புண்ணியவதி என்று யாராவது சொன்னால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். பாகூர் பக்கத்துத் துணை சுகாதார நிலையத்தில் பதினாறு வருஷமாக நர்ஸ். ஏரிக்கு அந்தப் பக்கம் செங்கல் சூளையில், எந்தக் காகிதமும் இல்லாமல் வேலை செய்கிற வெளியூர் ஜனங்களுக்கு ஸ்கூட்டியில் மருந்து கொண்டுபோய்க் கொடுப்பாள். உனக்கு ஏன் இந்த வேண்டாத வேலை என்று கேட்டால், "பொழுது போவல" என்பாள்.

பொய். ஏழு வருஷத்துக்கு முன்னால் சூளைக்காரி ஒருத்தி வலியோடு வந்து வாசலில் உட்கார்ந்தாள். "அட்டை இருக்கா?" என்று தாய் சேய் அட்டையைக் கேட்டு, இல்லை என்றதும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ என்று பஸ் ஏற்றிவிட்டவள் இதே ஸ்டெல்லாதான். பிள்ளை பஸ்ஸிலேயே பிறந்து பஸ்ஸிலேயே செத்தது. அன்றிலிருந்து அந்தக் கேள்வியை அவள் யாரிடமும் கேட்டதில்லை.

போன வருஷம் ஜெயசுதா வந்தாள். மன்னாரிலிருந்து படகேறித் தனியாகத் தப்பி வந்து சூளைக் குடிசையில் ஒண்டியிருந்தவள், வயிற்றில் எட்டு மாதம். "பேர் குடுத்தா என்னைப் பிடிச்சுக்கொண்டு போயிடுவினம் அக்கா" என்று அழுதாள். குழந்தையோ குறுக்கே கிடந்தது, ஆபரேஷன் இல்லாமல் ஆகாது. அப்போது ஒரு காரியம் செய்தாள் ஸ்டெல்லா, பாவி! தங்கை ரோஸ்லினின் ஆதாரை வாங்கி, தாய் சேய் அட்டையை அவள் பெயரிலேயே போட்டாள். கணவர் பெயர், ரோஸ்லின் புருஷன் பாக்யராஜ். அந்த அட்டையோடு ஜெயசுதா ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தாள். ரோஸ்லினுக்குக் கல்யாணமாகிப் பதினொரு வருஷம், வயிற்றில் ஒரு புழு பூச்சி இல்லை. "என் பேராவது புள்ள பெக்கட்டுமே" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை ஸ்டெல்லா நம்பினாள்.

பெண் குழந்தை. தாயும் பிழைத்தாள். சூளைக் குடிசை மழையில் ஒழுகுது, இவளுக்குத் தையல் ஆறட்டும், பத்து நாள் புள்ள என் வூட்ல புட்டிப்பால் குடிச்சிக்கினு இருக்கட்டும் என்று ரோஸ்லின் குழந்தையைத் தூக்கிப் போனாள். பதினோராம் நாள் ஜெயசுதா போய்த் தட்டியபோது கதவு திறக்கவில்லை.

ஸ்டெல்லா போய்க் கத்தினாள். ரோஸ்லின் பிறப்புச் சான்றிதழை நீட்டினாள்.

"இன்னாக்கா கத்தற? பெத்தவ பேரு இன்னான்னு படி. போலீசுக்குப் போறியா, போ. மொதல்ல உன் வேல பூடும். அப்புறம் அவள அள்ளிக்கினு பூடுவாங்க. புள்ள எங்கிட்டதான் இருக்கும்."

"நீ மனுஷியாடி?"

"அட்ட எழுதுனவ நீதான்."

ஒன்றரை மாத ஊசிக்குக் குழந்தையைப் புதுக் கவுன் போட்டுத் தூக்கி வந்தாள் ரோஸ்லின். அன்றைக்கென்று பார்த்து மேலதிகாரி செல்வகுமாரியும் ஆய்வுக்கு வந்து உட்கார்ந்திருந்தார். ஊசி ஏறியதும் குழந்தை வீறிட்டது. ஜன்னலுக்கு வெளியே நின்ற ஜெயசுதாவின் ரவிக்கை அந்தச் சத்தத்திலேயே பாலில் நனைந்துபோனது. உள்ளே ஓடிவந்து கையை நீட்டினாள்.

"அக்கா, என்ர பிள்ளைக்குப் பசிக்குது. ஒருக்கா தாங்கோ. பால் குடுத்திட்டுப் போயிடுவன்."

வரிசையில் நின்ற பெண்கள் எல்லாரும் திரும்பினார்கள். ரோஸ்லின் குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டாள். "யாரு ஸ்டெல்லா இது?" என்றார் செல்வகுமாரி.

ஸ்டெல்லாவுக்கு இன்னும் ஆறு வருஷம் சர்வீஸ் பாக்கி இருந்தது. குனிந்த தலையை நிமிர்த்தவேயில்லை.

"யாரும்மா நீ?" என்றாள். "அட்டை இருக்கா?"