கிண்ணத்தில் குடித்த குதிரை

மீராலெவ்வையின் வீட்டில் பேச ஆளில்லை. வெள்ளைக்காரத் துரையின் குதிரையைப் பராமரித்த அவருக்கு அந்தக் குதிரைதான் பேச்சுத்துணை.

மட்டக்களப்பு வாவிக்கரையில் துரைமார் நடத்தும் பந்தயத்துக்கு ஆண்டுதோறும் ஊர்க் கடைக்காரர்களிடம் காசு சேர்ப்பார்கள். அந்தக் காசில் கூடாரம் வரும், பாண்டு வாத்தியம் வரும். ஓடுகிற குதிரைக்கு ஒரு வாளி நல்ல தண்ணீர் வராது. வாவித் தண்ணீரோ உப்பு. மீராலெவ்வைதான் வீட்டுக் கிணற்றிலிருந்து குடத்தில் சுமந்து போவார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டாம் ஆண்டு அந்தக் குதிரை வென்றது. துரை பரிசாகக் கிடைத்த வெள்ளிக் கிண்ணத்தை மீராலெவ்வையிடம் பிடிக்கக் கொடுத்தார். அவர் குடத்து நீரை அதில் ஊற்றிக் குதிரையின் வாயருகே நீட்டினார்.

துரை கத்தினார்.

“வெண்டது இதுதானே, துரை?” என்றார் மீராலெவ்வை.

அந்த இடத்திலேயே வேலை போயிற்று. கடிவாளத்தைக் கொடுத்துவிட்டு, வெறுங்குடத்தோடு தனியே நடந்தார். திரும்பிப் பார்த்தபோது, கிண்ணத்தைக் கழுவ வாளி நிறைய நல்ல தண்ணீர் வந்திருந்தது.