அரக்கன் வீட்டுத் துக்கம்

கொல்லிமலையில் கால்நடை மருத்துவராக இருந்த காலத்தில் நான் உருப்படியாகச் செய்த காரியம், ஓர் அரக்கனை நான்கு வருடம் உயிரோடு வைத்திருந்ததுதான். எல்லா மாடுகளைப் பற்றியும் அப்படிச் சொல்லிக்கொள்ள முடியாது.

அது ஒரு விளையாட்டு. ஒருவர் கதை சொல்ல வேண்டும். மற்றவர்கள் கதைக்குள் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு, தாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும். அது பலிக்குமா இல்லையா என்பதை இருபது முகமுள்ள ஒரு பகடை முடிவு செய்யும். கல்லூரி விடுதியில் பழகியது. பெரக்கரை நாட்டுப் பக்கம் மாறுதலாகி வந்த முதல் மழைக்காலத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில் சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று பகடைக்கு ஆர்டர் போட்டேன். கூரியர்காரர் மலை ஏற மாட்டேன் என்றுவிட்டார். காளப்பநாயக்கன்பட்டி வரை பஸ்ஸில் இறங்கிப் போய் வாங்கி வந்தேன்.

ஆட்டத்துக்கு மூன்று பேர் சிக்கினார்கள். நான் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர், மிளகு விவசாயி, அவர் போர்வீரன். அவர் மனைவி மந்திரக்காரி. அடுத்த அறையில் குடியிருந்த திருச்சிப் பக்கத்து நர்ஸ், வில்லாளி.

முதல் நாள் குரலைத் தாழ்த்தி, என்னால் முடிந்த அளவு பயங்கரமாகத் தொடங்கினேன். "முன்னால இருட்டுக் காடு. உள்ள புதையல் இருக்கு. என்ன செய்யிறீங்க?"

வீட்டுக்காரர் யோசித்தார். "காடு யாருதுங்க டாக்டரம்மா?"

"யாருதும் இல்லைங்க."

"அதெப்படிங்க யாருதும் இல்லாம இருக்கும்? கேக்காம உள்ள போனா நல்லா இருக்குமுங்களா?"

அன்றைய பொழுது முழுக்கக் காட்டுக்குச் சொந்தக்காரரைத் தேடுவதிலேயே போயிற்று. வேறு வழியில்லாமல் ஒரு கிழவரை உண்டாக்கி அனுமதி கொடுக்க வைத்தேன். அவருக்கு வெற்றிலை பாக்கு கொடுத்துவிட்டுத்தான் வீரன் உள்ளே காலை வைத்தான்.

இப்படித்தான் நான்கு வருடமும். அரக்கனின் குகை ஏழு கடலுக்கு அப்பால் என்று சொன்னேன். "அத்தனை தூரம் போனா மாட்டுக்கு யாருங்க தண்ணி காட்டறது?" என்றார் வீட்டுக்காரர். அரக்கனைப் பக்கத்திலேயே, புளியஞ்சோலைக்கு மேலே ஓடைப் பக்கமாகக் குடிவைத்தேன். நர்ஸ் தான் அம்பு விட்ட எல்லோருக்கும் ஓடிப்போய்க் கட்டுப் போட்டார். "காயம்னு பார்த்துட்டா எப்படி டாக்டர் சும்மா போறது?" மந்திரக்காரியிடம் நெருப்பு மந்திரம் ஒன்றே ஒன்று இருந்தது. ஓநாய் கடித்தபோதும் பாலம் இடிந்தபோதும் அந்த அம்மாள் அதை எடுக்கவில்லை. "இருக்கட்டுமுங்க. ஒரு அவசரத்துக்கு வேணும்ல" என்பார். ஓநாய் வாயில் காலை வைத்துக்கொண்டு இருப்பதைவிட அவசரம் என்ன என்று கேட்டால் சிரிப்பார்.

விளையாட விரித்த பாயில் அவர்களுக்கு அடையாளம் ஒரு மிளகு, ஒரு காப்பிக்கொட்டை, ஒரு ஊக்கு. அரக்கன், கோமாரித் தடுப்பூசி தீர்ந்துபோன காலிப் புட்டி. தாய் தகப்பன் இல்லாதவன், யாரையும் நம்பாதவன் என்று அவனுக்கு நான் ஒரு வரலாறும் கட்டியிருந்தேன்.

அப்புறம் ராமநாதபுரத்துக்கு மாறுதல் உத்தரவு வந்தது.

கதையை முடிக்காமல் போகக் கூடாது என்று நான் பிடிவாதமாக இருந்தேன். கன்று பாதி வெளியே வந்திருக்கும்போது மாட்டை விட்டுவிட்டு யாராவது கிளம்புவார்களா? ஆனால் அவர்கள் மூவரும் முடிக்க விடவில்லை. குகை வாசலுக்கு வந்ததும் வீட்டுக்காரருக்குப் பல்லி சொன்னது. அடுத்த வாரம் வீரனுக்கு நாள் நன்றாக இல்லை. அதற்கடுத்த வாரம், பொங்கல் முடியட்டும் என்றார்கள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "உங்க பொங்கலுக்காக அரக்கன் காத்துக்கிட்டு இருப்பானா?"

"இருப்பானுங்க" என்றார் வீட்டுக்காரர். "நாலு வருசமா இருக்கானே."

அவர் மனைவி பகடையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "கதை முடிஞ்சா ஞாயித்துக்கெழம முடிஞ்சுதுங்க. அப்புறம் இந்த ஊட்டுல நாங்க ரெண்டு பேரும் என்னத்தைப் பேசறது?"

ராமநாதபுரத்தில் நான் யாரோடு பேசப் போகிறேன் என்று எனக்கும்தான் தெரியவில்லை.

கடைசி ஞாயிறு மத்தியானம் உட்கார்ந்தோம். வீரன் வாளை ஓங்கினான், பகடையில் ஒன்று விழுந்து வாள் முறிந்தது. நர்ஸின் அம்பு தைத்தது, கட்டுப் போடக் கிளம்பியவரை நான் அதட்டி உட்கார வைத்தேன். அப்போது அந்த அம்மாள் நெருப்பு மந்திரத்தை எடுத்தார். பகடை இருபதைக் காட்டியது. புட்டியைப் பாயில் சாய்த்து, "அரக்கன் செத்தான்" என்றேன்.

கைதட்டுவார்கள் என்று நினைத்தேன். வீட்டுக்காரர் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். அவர் மனைவி உள்ளே போய், கோழிக் குழம்புக்கு மூட்டியிருந்த அடுப்பில் தண்ணீரை ஊற்றினார்.

"என்னங்க இது?"

"எழவு ஊட்டுல அடுப்பெரியலாமுங்களா?"

"செத்தது அரக்கன்ங்க."

"செத்தவனோட என்னங்க பகை?" என்றார் வீட்டுக்காரர். "அவனுக்குச் சாதிசனம் இல்லைன்னு நீங்கதான சொன்னீங்க. மொதப் புடி மண்ணு யாரு போடறது?" என்னையே பார்த்தார். "பெத்தவங்க நீங்கதானுங்க."

நர்ஸ் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். கிண்டல் செய்கிறார்களோ என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. மிளகுக் கொடிக்குப் பக்கத்தில் குழி தோண்டியாயிற்று. அரசாங்க மருந்துப் புட்டி ஒன்றை மண்ணில் கிடத்தி, கெசட்டட் அதிகாரியாகிய நான் ஒரு பிடி மண்ணைப் போட்டேன். வெட்கமாக இருந்தது. கோழிக் குழம்பு போய், நர்ஸ் அறையிலிருந்த பன்னைத் தின்றுவிட்டுப் படுத்தேன்.

மறுநாள் பஸ் ஏறும்போது வீட்டுக்காரர் சொன்னார்: "பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்துருங்க. பெத்தவங்க இல்லாம ஆகாதுங்க."

ராமநாதபுரத்தில் சேர்ந்த கையோடு விடுப்புக் கேட்டு நின்றேன். மேலதிகாரி நிமிர்ந்து பார்த்தார். "யாரும்மா தவறினது?" என்ன சொல்வது? "நான் வளர்த்த பையன் சார்" என்றேன். சொன்னதும் எங்கிருந்துதான் வந்ததோ, அடக்க முடியாமல் அழுதுவிட்டேன். அவர் பதறிப்போய் ஒரு நாள் கூடவே எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

மலைக்குப் போய்ச் சேர்ந்தபோது பாய் விரித்திருந்தது. வீட்டுக்காரரும் நர்ஸும் அவரவர் இடத்தில் இருந்தார்கள். கதை சொல்லும் இடத்தில், நான் உட்காரும் இடத்தில், அந்த அம்மாள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். பகடை அவர் மடியில் இருந்தது. நான்கு வருடம் என்னை டாக்டரம்மா என்றே கூப்பிட்டவர்.

"உக்காரு கண்ணு" என்றார். "செத்தவனுக்கு ஒரு தம்பி இருக்கிறானாமா. காரியத்துக்கு வந்துட்டான். கையில கத்தி வெச்சிருக்கறான், கண்ணு ரெண்டும் அழுது செவந்து கெடக்குது. நீ என்ன பண்றே?"

அவர் எதிரில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"அழுவறதெல்லாம் அப்புறம்" என்று பகடையை என் கையில் வைத்தார். "அவன் வாசல்லயே நிக்கறான் பாரு."